என் ஊதல் எனக்கே கேட்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 43. சிங்கப்பூரில் வசிக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருடம் பள்ளி பேண்டில் ஃபுளூட் வாசித்தேன். அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று குழல் அலமாரிக்குள் போய்விட்டது. மகள் தன் பள்ளி பேண்டில் சேர்ந்ததும் எனக்கும் ஆசை வந்து, இரண்டு மாதத்துக்கு முன் வட்டாரச் சமூக மன்றத்தின் கான்சர்ட் பேண்டில் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் இரவு ஏழரையிலிருந்து பத்து வரை ஒத்திகை. எனக்கு இரண்டாவது ஃபுளூட். வீட்டில் நன்றாகத்தான் வருகிறது. ஒத்திகையில் உட்கார்ந்தால் நான் ஊதுவது எனக்கே கேட்பதில்லை. பலமாக ஊதினால் தலை சுற்றுகிறது. கண்டக்டர் அடிக்கடி நிறுத்தி "ஃபுளூட், சுருதி" என்கிறார். என்னைத்தான் பார்க்கிறார் என்று தோன்றுகிறது. ஒரு நேரம் ஏறியிருக்கிறது என்கிறார், இன்னொரு நேரம் இறங்கியிருக்கிறது என்கிறார். பக்கத்தில் இருக்கும் பாலிடெக்னிக் மாணவி எதைக் கொடுத்தாலும் பார்த்தவுடன் வாசித்துவிடுகிறாள். வேகமான இடங்களில் நான் ஊதுவதுபோல விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று மாதத்தில் நிகழ்ச்சி. ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் முதல் சூட் (பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை), இரண்டு மார்ச், ஒரு சினிமாப் பாட்டுக் கோவை. புது ஃபுளூட் வாங்கினால் சரியாகுமா, இல்லை மரியாதையாக விலகிவிடட்டுமா?
பெயர் வேண்டாம், சிங்கப்பூர்

பதில்:

விலக வேண்டாம். புது ஃபுளூட்டும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் தனித்தனியாகச் சொல்லியிருக்கும் தொல்லைகளில் பாதிக்கு மேல் ஒரே தொல்லைதான் என்று எனக்குப் படுகிறது. உங்கள் ஊதல் உங்களுக்குக் கேட்கவில்லை, அதனால் பலமாக ஊதுகிறீர்கள். பலமாக ஊதுவதால் சுருதி ஏறுகிறது, தலையும் சுற்றுகிறது. கண்டக்டர் நிறுத்துகிறார். பயந்துபோய் அடுத்த முறை மெதுவாக ஊதுகிறீர்கள், சுருதி இறங்கிவிடுகிறது. திரும்பவும் நிறுத்துகிறார்.

முதலில் அந்தக் கேட்காத விஷயத்தைப் பார்ப்போம். ஐம்பது பேர் வாசிக்கும் பேண்டில் இரண்டாவது ஃபுளூட்காரருக்குத் தன் ஒலி தனியாகக் கேட்கக் கூடாது. கேட்டால்தான் தப்பு. ஃபுளூட்டின் கீழ் ஸ்தாயி இயல்பிலேயே மெலிது. இரண்டாவது ஃபுளூட்டுக்கு எழுதியிருப்பதில் பெரும் பங்கு அந்தக் கீழ் ஸ்தாயியிலும் நடு ஸ்தாயியின் தொடக்கத்திலும்தான் இருக்கும். பின்னால் டிரம்பெட், அதற்கும் பின்னால் டிராம்போன். அவர்களோடு போட்டி போட்டு ஜெயித்த இரண்டாவது ஃபுளூட் உலகத்தில் கிடையாது. இசையமைப்பாளரும் உங்களைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று அங்கே வைக்கவில்லை. கிளாரினெட்டின் மேல் கொஞ்சம் மினுமினுப்பு வேண்டும், முதல் ஃபுளூட்டின் கீழே ஒரு தாங்கல் வேண்டும். ரசத்தில் பெருங்காயம் போல. எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, போடாவிட்டால் மட்டும் தெரியும்.

ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை உங்களைத் தேடாதீர்கள். பக்கத்தில் அந்தப் பெண் வாசிக்கும் முதல் ஃபுளூட் காதில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். அவள் ஒலி தெளிவாகக் கேட்டு, உங்கள் ஒலி அதற்குள் கரைந்துபோய், நீங்கள் நிறுத்தினால் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் அளவு சரி. அவள் ஒலியே கேட்கவில்லை என்றால் நீங்கள் அதிகம் ஊதுகிறீர்கள், அல்லது பேண்ட் மொத்தமும் அதிகம் ஊதுகிறது. இரண்டாவது ரொம்ப சகஜம். சமூக பேண்டுகளில் மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தை மெதுவாக வாசிப்பவர்கள் குறைவு. நானும் வாசித்ததில்லை, பல வருடம்.

இப்போது சுருதி. வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பேசியில் சுருதி காட்டும் டியூனர் செயலியைத் திறந்து ஸ்டாண்டில் வையுங்கள். நடு ஸ்தாயி ஏ சுரத்தை மெல்லத் தொடங்கி, அப்படியே பெரிதாக்கி, திரும்ப மெல்லக் கொண்டுவந்து முடியுங்கள். உதட்டில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள். முள், சுருதி சரி என்று காட்டும் பச்சையின் இடது பக்கத்தில் புறப்பட்டு, பெரிதாக்கும்போது வலது பக்கம் ஏறி, கடைசியில் மறுபடி இடது பக்கம் சரிவதைப் பார்ப்பீர்கள். உங்கள் கண்டக்டர் ஒரு நேரம் ஏற்றம் என்றும் இன்னொரு நேரம் இறக்கம் என்றும் சொன்னது இதைத்தான். அவர் மாற்றி மாற்றிப் பேசவில்லை.

மருந்து உதட்டில் இருக்கிறது, நுரையீரலில் இல்லை. ஒலியைப் பெரிதாக்கும்போது காற்றின் முனையைக் கொஞ்சம் கீழ்நோக்கி, ஊதுதுளைக்குள் திருப்புங்கள். மோவாயை அரை நெல் அளவு பின்னால் இழுத்தால் போதும். சிறிதாக்கும்போது மோவாயை முன்னால் கொண்டுவந்து காற்றைச் சற்று மேல்நோக்கி விடுங்கள், உதட்டு இடைவெளியையும் சுருக்குங்கள். காற்றின் வேகம் குறையக் கூடாது, அளவு மட்டும் குறைய வேண்டும். முள்ளைப் பச்சையில் நிறுத்திக்கொண்டே அதே ஏ சுரத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கப் பழகுங்கள். தினம் ஐந்து நிமிடம் போதும். மூன்று வாரத்தில் கை வந்துவிடும். உதடு வந்துவிடும் என்று சொல்ல வேண்டுமோ.

அடுத்து ஏர்கான். சிங்கப்பூரில் ஒத்திகை அறைக்குள் போவது என்றால் 31 டிகிரியிலிருந்து 23 டிகிரிக்குள் போவது. குழலுக்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும். சென்ட் என்பது அரைச் சுரத்தை நூறாகப் பிரித்த ஒரு பங்கு. கணக்குப்படி எட்டு டிகிரிக்கு 24 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் கிட்டத்தட்டக் கால்வாசி. உங்கள் மூச்சு குழலைச் சூடாக்குவதால் முழுக்க அவ்வளவு இறங்காது, ஆனால் காதுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கும். பலர் வந்த வேகத்தில் பையைத் திறந்து, குளிர்ந்த குழலை டியூனருக்குச் சரியாக வைத்துக்கொள்வார்கள். ஊதுதுளை இருக்கும் மேல் துண்டான ஹெட்ஜாயிண்ட்டை, சுருதி ஏறட்டும் என்று முழுக்க உள்ளே தள்ளியிருப்பார்கள். இருபது நிமிடம் வாசித்துக் குழல் சூடானதும் மொத்தமும் ஏறிக்கிடக்கும். அப்புறம் முப்பது பார் ரெஸ்ட் (பார் என்பது ஒரு தாளச் சுற்று, ரெஸ்ட் என்பது வாசிக்காமல் காத்திருக்கும் இடம்) வரும், குழல் மடியில் ஆறிப்போகும், நுழையும் முதல் சுரம் தொங்கும்.

இதற்குச் செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். கால் மணி முன்னதாகப் போய் குழலை இணைத்து, சாவிகளையெல்லாம் மூடி, ஊதுதுளையை உதட்டால் முழுக்க மூடிக்கொண்டு சத்தம் வராமல் வெதுவெதுப்பான மூச்சை உள்ளே விடுங்கள். பத்து நிமிடம் வாசித்த பிறகுதான் சுருதி சேருங்கள். நீண்ட ரெஸ்ட் முடிய நான்கு பார் இருக்கும்போது மறுபடி அதே வெப்பமூச்சு. அனுபவமுள்ளவர்கள் இதை யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருப்பார்கள். கவனித்துப் பாருங்கள்.

ஹெட்ஜாயிண்ட்டை முழுக்கத் தள்ளி வைக்கவே வேண்டாம். யமஹா மாணவர் ஃபுளூட்டுகளை ஏ சுரம் 442 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்படி அமைத்துத்தான் செய்கிறார்கள். உங்கள் பேண்ட் 440க்குச் சுருதி வைத்தால், குழல் சூடான நிலையில் ஹெட்ஜாயிண்ட் சில மில்லிமீட்டர் வெளியே இருப்பதே முறை. இன்னொன்று, துடைக்கும் கோலின் ஒரு முனையில் கோடு ஒன்று இருக்கும். அந்த முனையை ஹெட்ஜாயிண்ட்டுக்குள் விட்டால் கோடு ஊதுதுளையின் நடுவில் தெரிய வேண்டும். உள்ளே இருக்கும் தக்கை துளையின் நடுவிலிருந்து 17 மில்லிமீட்டரில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தக் கோடு. இருபத்தைந்து வருடம் அலமாரியில் கிடந்த குழலில் தக்கை காய்ந்து நகர்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நகர்ந்திருந்தால் ஸ்தாயிகள் ஒன்றோடொன்று சேராது, நீங்கள் என்ன செய்தாலும்.

பேண்டில் பெரும்பாலும் பி பிளாட்டுக்குச் சுருதி சேர்ப்பார்கள் (பிளாட் என்றால் அரைச் சுரம் கீழே, ஷார்ப் என்றால் அரைச் சுரம் மேலே, நேச்சுரல் என்றால் இரண்டும் இல்லாதது). கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் அது வசதி. நமக்கு அந்த ஒரு சுரம் சேர்ந்தால் மற்றவை சேர்ந்துவிட்டன என்று அர்த்தம் இல்லை. நடு ஸ்தாயி சி ஷார்ப்புக்கு விரல்கள் எல்லாம் திறந்திருக்கும், குழலைப் பிடித்திருப்பதே கடினம். அது எந்த ஃபுளூட்டிலும் மேலே போகப் பார்க்கும் சுரம். மூன்றாம் ஸ்தாயியில் இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப் மூன்றும் ஏறும். எஃப் ஷார்ப்புக்கு வலது மோதிர விரலுக்குப் பதிலாக நடுவிரலை வைத்தால் இறங்கும், மெதுவாக வாசிக்கும்போது சுலபமாகவும் பேசும். ஜி ஷார்ப்புக்கு வலது நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது ஃபுளூட்டில் இவை அடிக்கடி வராது. வரும் இடத்தில் பென்சிலால் கீழ்நோக்கி ஒரு அம்பு போட்டு வையுங்கள்.

பென்சில் என்றதும் ஒரு கேள்வி. ஒத்திகைக்குப் பென்சில் கொண்டுபோகிறீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இல்லையென்றால் இன்றைக்கே இரண்டு வாங்கிப் பையில் போடுங்கள், ஒன்று உங்களுக்கு, மற்றது பக்கத்தில் உட்கார்ந்து கடன் கேட்பவருக்கு.

தலைச்சுற்றல் பற்றி. கிளாரினெட்டில் நாணல் காற்றைத் தடுத்து நிறுத்தும். ஃபுளூட்டில் அப்படித் தடை எதுவும் கிடையாது, காற்றில் ஒரு பங்கு துளைக்கு வெளியேதான் போகிறது. பலமாக, வேகவேகமாக மூச்சை வெளியேற்றினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும். ஊதலைக் குறைத்தால் பெரும்பாலும் இது நின்றுவிடும். ஊதாத நேரத்திலும் சுற்றினால் அது என் துறை இல்லை, மருத்துவரிடம் போங்கள்.

மூச்சு எடுக்கும் இடத்தையும் மாற்றுங்கள். எல்லாரும் பார் கோட்டில்தான் மூச்சு எடுப்பார்கள், அங்கே ஃபுளூட் வரிசை மொத்தமும் ஒரு நொடி காணாமல் போகும். பக்கத்துப் பெண் எங்கே எடுக்கிறாள் என்று பார்த்து, நீங்கள் வேறு இடத்தில், நீண்ட ஒரு சுரத்தின் நடுவில் எடுங்கள். அவளிடம் கேட்டே விடலாம். "நீ இங்கே எடு, நான் அங்கே எடுக்கிறேன்" என்று. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டு மாதமாக அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவள் உங்களை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுவிடுவாளோ என்ற பயமா? கூப்பிடட்டும். பள்ளி பேண்டிலிருந்து நேராக வந்தவளுக்கு விரலும் பார்த்து வாசிக்கும் பழக்கமும் சூடாக இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் ஊரில் பள்ளிகளில் பேண்ட் தொடங்கும் திட்டம் 1965இலேயே வந்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளியில் வாசித்துவிட்டு அலமாரியில் வைத்தவர்கள் எத்தனையோ பேர். அப்படி வைத்ததைத் திரும்ப எடுத்தவர்களையும் சேர்த்துத்தான் சமூக மன்றத்து பேண்டுகள் ஓடுகின்றன. அந்த அறையில் இன்னும் நாலு பேராவது உங்களைப் போல இருப்பார்கள். கிளாரினெட் கடைசி வரிசையில் தேடுங்கள்.

விரலை மட்டும் ஆட்டுவதைப் பற்றி வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, ஆனால் அதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்யலாம். நாலு பதினாறாம் சுரங்கள் (ஒரு எண்ணிக்கைக்குள் நாலு விழும் வேகச் சுரங்கள்) கொண்ட கொத்து வந்தால், முதல் சுரத்தை மட்டும் தாளத்தில் சரியாக ஊதுங்கள், மற்ற மூன்றையும் விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் முதலும் மூன்றாவதும். அதற்கடுத்த வாரம் நான்கும் வந்தால் வரட்டும். தாளத்தில் விழுந்த ஒரு சுரம் பேண்டுக்கு உதவும். பிந்தி விழும் நான்கு சுரமும் பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வீட்டில் வேகத்தைப் பாதியாக்கி, அந்த இரண்டு பாரை மட்டும் வாசியுங்கள். பாட்டு முழுவதையும் தொடக்கத்திலிருந்து வாசிப்பது பயிற்சி இல்லை, அது நமக்கு நாமே நடத்தும் கச்சேரி.

விரலில் ஒரு கணக்கு. பேண்ட் இசை பிளாட்டுகளின் உலகம். இடது கட்டை விரலுக்கு இரண்டு சாவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவே, அதில் பி பிளாட் சாவியிலேயே கட்டை விரலை வைத்துக்கொண்டால் எஃப், பி பிளாட், இ பிளாட் ஸ்கேல்கள் பாதி வேலையில் முடியும். பள்ளியில் வலது ஆள்காட்டி விரலால் பி பிளாட் வாசிக்கப் பழகியிருப்பீர்கள். பி நேச்சுரலும் பி பிளாட்டும் அடுத்தடுத்து வரும் இடத்துக்கும், மூன்றாம் ஸ்தாயி எஃப் ஷார்ப் வரும் இடத்துக்கும் அந்தப் பழைய விரலே சரி.

மார்ச்சில் இன்னொரு குழி இருக்கிறது. நான் விழுந்த குழி என்பதால் சொல்கிறேன். பெரும்பாலான மார்ச்சுகளில் டிரியோ என்ற பகுதி வந்ததும் ஒரு பிளாட் கூடும். இ பிளாட்டில் தொடங்கியது ஏ பிளாட்டுக்குப் போகும். நம் கணக்கில் சொன்னால் மத்யம சுருதிக்கு மாறுவது, பழைய மத்யமம் புதிய ஸட்ஜமாகிவிடுகிறது. கூடும் அந்த பிளாட் டி பிளாட். டிரியோவின் தொடக்கம் மெதுவாக, மெலடியாக இருக்கும், டிரம்பெட் ஓய்ந்திருக்கும். அந்த அமைதியில் ஒரு நிகழ்ச்சியில் நான் டி நேச்சுரலைத் தெளிவாக, அழகாக, சுத்தமான சுருதியில் ஊதினேன். அன்றைக்கு மட்டும் என் ஊதல் எனக்கு நன்றாகக் கேட்டது. டிரியோ என்று எழுதியிருக்கும் இடத்தில் பெரிதாக வட்டம் போடுங்கள்.

ஹோல்ஸ்டின் முதல் சூட்டுக்கு வருவோம். 1909இல் எழுதியது, பேண்ட் உலகத்தில் அதை வாசிக்காதவர்கள் அபூர்வம். முதல் பகுதியான சாக்கோனில் கனத்த குரலுள்ள பித்தளைக் கருவிகளான டியூபாவும் யூபோனியமும் எட்டு பார் நீளமுள்ள ஒரு மெட்டைச் சொல்லித் தொடங்கும். பகுதி முழுவதும் அந்த மெட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். நமக்குத் தொடக்கத்தில் ரெஸ்ட். இதில் ரெஸ்ட் எண்ணும்போது ஒன்று, இரண்டு என்று பாரை மட்டும் எண்ணிக்கொண்டு போனால் நடுவில் யாராவது இருமினால் போச்சு. எட்டு எட்டாக, ஒரு ஆவர்த்தனம் முடிந்தது, இரண்டாவது தொடங்குகிறது என்று மெட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு விரலை முழங்காலில் மடக்குங்கள். கச்சேரியில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாமிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் ஒரு பதிவைப் போட்டு, ஃபுளூட்டை எடுக்காமல், உங்கள் பார்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை கேளுங்கள். நுழைவதற்கு முன்னால் யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதை ரெஸ்ட்டின் மேலே எழுதிக்கொள்ளுங்கள்.

உட்காரும் விதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியை ஸ்டாண்டுக்கு நேராகப் போடாமல், வலது பக்கமாகச் சற்றுத் திருப்பிப் போட்டு, முகத்தை மட்டும் இடது பக்கம் திருப்பிக் கண்டக்டரைப் பாருங்கள். நேராக உட்கார்ந்தால் குழலின் நுனி வலது பக்கத்தில் இருப்பவரின் காதுக்குப் போகும், இல்லையென்றால் நீங்கள் கையை ஒடுக்கிக் குழலைத் தொங்கவிடுவீர்கள். தொங்கினால் காற்றின் கோணம் கெட்டு மறுபடி சுருதிப் பிரச்சினை. வலது பக்கத்தில் பிக்கோலோ (கீச்சென்று ஒலிக்கும் குட்டி ஃபுளூட்) உட்கார்ந்திருந்தால் காதடைப்பான் போடத் தயங்காதீர்கள். இசைக் கலைஞர்களுக்கென்றே வடிகட்டி வைத்தவை கிடைக்கின்றன.

கண்டக்டர் உங்களைத்தான் பார்க்கிறார் என்ற சந்தேகத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இருக்கலாம். ஃபுளூட் முதல் வரிசை, நீங்கள் அவர் மூக்குக்கு நேரே இருக்கிறீர்கள், அவர் வேறு எங்கே பார்ப்பார்? சந்தேகம் போகவில்லை என்றால் இடைவேளையில் போய், "ஃபுளூட் சுருதி என்று சொல்லும்போது எந்த இடம், எந்தச் சுரம்?" என்று கேளுங்கள். கேட்கிற ஆளை எந்தக் கண்டக்டருக்கும் பிடிக்கும், ரொம்ப அபூர்வம் என்பதால்.

ஃபுளூட் வாங்குவது: பழையதை முதலில் ரிப்பேர் செய்பவரிடம் காட்டுங்கள். இத்தனை வருடத்தில் சாவிகளுக்கு அடியில் உள்ள பேடுகள் காய்ந்து, மூடினாலும் காற்று கசியும். கசியும் குழலில் கீழ் சியும் டியும் பலமாக ஊதினால்தான் பேசும். நீங்கள் பலமாக ஊதப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பேடு மாற்றிய பிறகு ஒரு மாதம் வாசித்துப் பார்த்து, அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் புதிது பற்றி எழுதுங்கள். கடைக்காரரிடம் முதலில் கேட்டால் அவர் புதிதுதான் வேண்டும் என்பார்.

கடைசியாக, நிகழ்ச்சி எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. பூமலை (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) மாதிரி திறந்தவெளி மேடையாக இருந்தால் இந்த ஏர்கான் கணக்கையெல்லாம் தலைகீழாகப் போட வேண்டும். அங்கே குழல் முதல் சுரத்திலிருந்தே ஏறியிருக்கும், ஹெட்ஜாயிண்ட்டை இன்னும் வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் ஜி ஷார்ப் சாவியின் பேடு ஒட்டிக்கொள்ளும். பசை இல்லாத சிகரெட் தாள் ஒரு சின்னக் கட்டு பையில் இருக்கட்டும். ஒட்டினால் தாளைச் சாவிக்கு அடியில் விட்டு, சாவியை மெல்ல அழுத்தி, விட்டு, எடுங்கள். அழுத்தியபடியே உருவினால் பேடின் தோல் கிழியும். ஸ்டாண்டில் தாள் பறக்காமல் இருக்கத் துணிக் கிளிப்பும் வேண்டும், குறைந்தது ஆறு.